எழுத்துருவை வரைந்த கைகள்
வரைகலை வரலாற்றில் பெண்கள் பெயர் ஏன் இல்லை என்று கேட்கும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அது சுவரொட்டிகளோடு நின்றுவிடுகிறது. அச்செழுத்தையும் பாருங்கள். இங்கிலாந்தின் சால்ஃபர்ட்ஸில் இருந்த, அச்சுக்கோக்கும் இயந்திரங்களும் எழுத்துகளும் தயாரித்த மோனோடைப் நிறுவனத்தின் ஆலையில், ஒவ்வொரு எழுத்தையும் சுமார் 10 அங்குலத்துக்குப் பெரிதாக்கி, கோடு பிசகாமல் வரைந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் மெழுகில் வெட்டுவார்கள். பிறகு செப்பில் அதன் படிவம், கடைசியில் எஃகு பஞ்ச், அதாவது எழுத்தை உலோகத்தில் பதிக்கும் முத்திரை. வளைவு சற்றுத் தடித்தாலும் அச்சில் கறுப்பாகத் தெரியும். இவ்வளவு நுணுக்கமான வேலையை வெறும் நகலெடுப்பாக எண்ணியதால்தான் பெயர்கள் விடுபட்டன.

இன்று கணினி எழுத்துருக் கோப்புக்குள் விவரங்களைப் பதியும் பெயர் அட்டவணை (name table) இருக்கிறது; அதில் 8ஆம் எண் தயாரிப்பாளருக்கு, 9ஆம் எண் வடிவமைப்பாளருக்கு. அந்த 9இல் தலைமை வடிவமைப்பாளரை மட்டும் போடுவது அநியாயம்! அது சாதாரண உரைப்புலம், பல பெயர்களைத் தாங்கும். கோப்பை வெளியிடுமுன் எல்லோரையும் சேருங்கள்.