கூட ஆள் இருக்கா?

நான் மெடிக்கல் ஷாப் ஆள். சென்னையில் ஒரே கடையில் பதினெட்டு வருஷமாக கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். டாக்டர் இல்லை, சமூக சேவகரும் இல்லை. ஆனால் கடைக்கு எதிரே ஒரு மேம்பாலம் இருக்கிறது. அதன் கீழே பதினைந்து இருபது பேர் குடியிருக்கிறார்கள். அதனால் வீடில்லாதவர்களின் வைத்தியத்தைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. பதிவு நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு இன்சுலின் பாட்டில் தனியாக இருக்கும். விற்பனைக்கு இல்லை. அட்டைப்பெட்டி மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'தாத்தா' என்று எழுதி வைத்திருக்கிறேன். தாத்தா என்பவர் மீன்பாடி வண்டி மிதித்தவர். அறுபது வயதுதான் இருக்கும், பார்த்தால் எழுபத்தைந்து. மருந்து அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் கொடுத்தது. "ஃப்ரிட்ஜில் வைங்க" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, லுங்கி மடிப்பில் செருகி ஒரு வாரம் வைத்திருந்தார். மே மாதம். கையில் வாங்கிப் பார்த்தேன், டீ கிளாஸ் மாதிரி சுட்டது.

இப்போது காலை ஏழரைக்குக் கடை திறக்கும்போதே வந்துவிடுவார். ஊசி அவரே போட்டுக்கொள்வார். ஒருநாள் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, இன்னிக்கு சாப்பாடு எங்கன்னு தெரியல. பாதி போட்டுக்கட்டா?"

எந்த மருந்துச் சீட்டில் இதற்குப் பதில் எழுதியிருக்கிறது? இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென இறங்கும். உடம்பு வியர்க்கும், பேச்சு குழறும், ஆள் சாய்ந்துவிடுவார். வீட்டில் சாய்ந்தால் வாயில் சர்க்கரை போட யாராவது இருப்பார்கள். பிளாட்பாரத்தில் ஒருவர் குழறிக்கொண்டு விழுந்து கிடந்தால் நாம் என்ன நினைப்போம்? "காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டான்." அவ்வளவுதான், தாண்டிப் போய்விடுவோம். அன்றைக்கு அம்மா உணவகத்தில் நாலு ரூபாய்க்கு நாலு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, முழு அளவும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மறுநாளும் அதே கேள்வியோடுதான் வந்தார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஏழைக்கு வைத்தியம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். மருந்து, ஆபரேஷன், ஸ்கேன் எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், கார்டு இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காமல் முதல் 48 மணி நேரம் செலவை அரசே ஏற்கிறது. பெரிய விஷயம். 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு என் அம்மாவுக்கே பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. என் குறை ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கிறது. வைத்தியம் முடிந்து கேட்டைத் தாண்டியதும், அடுத்த பதினைந்து நாள் அந்த ஆள் எங்கே படுப்பார்?

தாத்தாவுக்குக் கால் புண். சுகர் புண். போன வருஷம் இரண்டு விரலை எடுத்தார்கள். (ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். அங்கே ஒரு கட்டிலுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும்.) அட்மிஷன் போட்ட அன்றே முதல் கேள்வி, "கூட ஆள் இருக்கா?" ட்ரிப் தீர்ந்தால் சொல்ல, ரத்தப் பரிசோதனைக்கு ஓட, எக்ஸ்ரேவுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள, கஞ்சி வாங்கி வர ஒரு ஆள் வேண்டும். வார்டே அந்த ஆளை நம்பித்தான் ஓடுகிறது. ஆள் இல்லாதவருக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம்தான் கதி.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது சொன்னது இது: தினமும் டிரெஸ்ஸிங் பண்ணணும். காலில் தண்ணி படக்கூடாது. அந்தக் காலை ஊன்றவே கூடாது. வேளாவேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போடணும். எல்லாமே சரியான ஆலோசனை. ஒரு வாக்கியத்தில்கூடத் தப்பு இல்லை. அவர் வந்தது மேம்பாலத்துக்கு அடியில். இரண்டாம் நாளே மழை. பால் கவர் மூன்றைக் காலில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வேர்த்து, புண் வெந்து போனது.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு நர்ஸ் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் சிஸ்டர் அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அவரும் நானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு அடியில் போவோம். கட்டைப் பிரித்ததும் வரும் நாற்றத்தை எழுத முடியாது. புழு இருந்தால் அக்கா முகம் சுளிக்காமல், பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுப்பார். "என்னா தாத்தா, நேத்து கறிச்சோறா? இதுங்க கொழுத்துப் போயிருக்கு." தாத்தா சிரிப்பார். நான் அந்தப் பக்கம் திரும்பி காஸ் துணி வெட்டுவேன்.

இதில் கற்றுக்கொண்டது நிறைய. அங்கே ஒரு அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. அக்கா திட்டிக்கொண்டே இருந்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அது நீர் பிரிய வைக்கும் மாத்திரை. கட்டணக் கழிப்பறையில் ஒவ்வொரு தடவையும் காசு. ராத்திரி அதுவும் பூட்டிவிடுவார்கள். இருட்டில் மறைவிடம் தேடிப் போக அந்த அம்மாவுக்குப் பயம், போய்விட்டு வந்தால் பை இருக்காது. இன்னொரு பெண், மனநல மாத்திரையைத் துப்பிவிடுவாள். தூக்கம் வரும் என்பதுதான் காரணம். ரோட்டில் படுக்கும் பெண் அசந்து தூங்க முடியுமா? "சொன்ன பேச்சு கேக்க மாட்டாங்க சார் இவங்க" என்று நானே கவுண்டரில் பல தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

பாஸ்டனில் ஜிம் ஓ'கானல் என்று ஒரு டாக்டர். 1985-ல் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்த கையோடு, வீடில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்க வந்தார். காப்பகத்தில் பார்பரா மெக்கின்னிஸ் என்ற நர்ஸ், ஸ்டெதாஸ்கோப்பை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, வருகிறவர்களின் காலை வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்துக் கழுவும் வேலையைக் கொடுத்தார். டாக்டர் தரையில், நோயாளி நாற்காலியில். கால் கழுவக் கழுவத்தான் அவர்கள் வாய் திறந்து பேசினார்களாம். அந்த நர்ஸின் பெயரில் அந்த ஊரில் இன்று நூறு படுக்கைக்கு மேல் ஒரு இல்லம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு நோய் இல்லை, ரோட்டுக்குத் திரும்பும் அளவுக்குத் தேறவும் இல்லை என்பவர்களுக்காக.

நான் கேட்பது அதைத்தான். பெரிதாக எதுவும் இல்லை. நகரத்து ஜனத்தொகையில் லட்சம் பேருக்கு ஒன்று என்று வீடில்லாதவர்களுக்குக் காப்பகம் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னது. மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி வளாகங்களில், நோயாளியோடு வருகிறவர்கள் தங்கக்கூட இடம் கட்டியிருக்கிறார்கள். கூட வந்தவருக்கு இடம் உண்டு, கூட யாருமே வராதவருக்கு டிஸ்சார்ஜ் சீட்டு. மாநகராட்சிக் காப்பகங்களில் சிலவற்றில் பத்துக் கட்டில், ஒரு நர்ஸ், ஒரு ஃப்ரிட்ஜ், மூன்று வேளை சோறு போதும். டிஸ்சார்ஜ் ஆகிறவர் நேராக அங்கே போய், புண் ஆறும் வரை இருக்கட்டும். மனநலம் பாதித்துத் தெருவில் திரிகிறவர்களுக்கு மீட்பு மையங்கள் நடத்த இந்த அரசுக்குத் தெரிகிறது. கால் புண்ணுக்கு மட்டும் தெரியாதா?

கமெண்டில் "வேலை செய்யாம குடிச்சிட்டுத் திரியிறவனுக்கு எதுக்கு" என்று ஒருவர் வருவார், தெரியும். குடிப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கடைக்கு ஏசி காரில் வந்து கல்லீரல் மாத்திரை வாங்குகிறவர்களும் குடித்தவர்கள்தான். அவர்களுக்குப் பில் போட்டுப் பணிவாகக் கொடுக்கிறேன்.

அப்புறம் தயவுசெய்து ஃப்ளெக்ஸ் கட்டி முகாம் போட வராதீர்கள். போன முறை வந்தவர்கள் தாத்தாவுக்கு சுகர் பார்த்து, துண்டுச் சீட்டில் 320 என்று எழுதிக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சீட்டை ஒரு வாரம் பத்திரமாக வைத்திருந்து என்னிடம் காட்டி, "இது நல்லதா கெட்டதா தம்பி?" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தேவை: பழைய காட்டன் வேட்டி, துவைத்தது. பாலியெஸ்டர் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது. வலது காலுக்கு மட்டும் ஒன்பதாம் நம்பர் எம்சிஆர் செருப்பு (சுகர்காரர்கள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு), அகலமானது. ஜோடியாகக் கொடுத்தாலும் சரி, இடது கால் செருப்புக்கு அங்கே வேறு ஆள் இருக்கிறார். இருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.