‘டைப்-சி’ என்று மட்டும் அச்சடித்து விற்காதீர்கள்

“அண்ணே, போனை டிவியில போடுற கனெக்டர் இருக்கா?”

“என்ன பின்னு? டைப்-சியா? இந்தா, இதைப் போடு.”

சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஊர் பஸ் ஸ்டாண்டு மொபைல் கடை வரைக்கும் இந்த வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. வீட்டுக்கு வந்து மாட்டினால் டிவியில் ‘நோ சிக்னல்’. டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டு திரும்பக் கொண்டுபோவார்கள். பெரும்பாலும் கனெக்டரில் ஒரு குறையும் இருக்காது. அந்த போனின் ஓட்டை வழியாகப் படம் வெளியே வர வழியே கிடையாது, அவ்வளவுதான். போன் வாங்கிய அன்று இதை யாரும் சொல்லவில்லை. பெட்டியிலும் அச்சடிக்கவில்லை. என் கோபமெல்லாம் இதன்மேல்தான்.

டைப்-சி என்பது பிளக்கின் வடிவத்துக்கு வைத்த பெயர். 2014 ஆகஸ்டில் வெளியான வரையறை. அந்தச் சின்ன வாய்க்குள் 24 பின் இருக்கிறது. அவற்றில் எதற்கெல்லாம் உள்ளே கம்பி இழுப்பது என்பது தயாரிப்பாளர் இஷ்டம். விலை குறைந்த போன்களில் சார்ஜுக்கும் யூ.எஸ்.பி 2.0 டேட்டாவுக்கும் மட்டும் இழுத்திருப்பார்கள். படம் வெளியே வர ‘டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி போனில் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் டைப்-சி டு எச்.டி.எம்.ஐ (டிவியில் கேபிள் செருகும் வாய்) கனெக்டருக்குள் ஒரு சிப் இருக்கிறது. அது டிஸ்ப்ளே போர்ட் சிக்னலை எச்.டி.எம்.ஐ-யாக மாற்றித் தரும். மாற்றுவதற்கு முதலில் சிக்னல் வர வேண்டுமே!

விலையை வைத்தும் வேகத்தை வைத்தும் இதைக் கணிக்க முடியாது. ஐபோன் 15-இல் டேட்டா வேகம் யூ.எஸ்.பி 2.0 அளவுதான், விநாடிக்கு 480 மெகாபிட். ஆனால் படம் 4கே வரை வரும். கூகுள் பிக்சல் 8 வந்தது 2023-இல். அதில் படம் வெளியே வரும் வழி திறந்தது 2024 ஜூன் அப்டேட்டில். அதுவரை ஹார்டுவேர் இருந்தும் பூட்டியே கிடந்தது. சாம்சங்கில் எஸ் வரிசையில் எஸ்8 தொடங்கி உண்டு, ஏ வரிசையில் பெரும்பாலும் கிடையாது. ‘ஓ.டி.ஜி சப்போர்ட்’ என்று போட்டிருந்தால் பென் டிரைவும் மவுஸும் வேலை செய்யும் என்று அர்த்தம். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே காசு கொடுக்கும் முன் போன் நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டு ‘டிஸ்ப்ளே போர்ட்’ அல்லது ‘வீடியோ அவுட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இல்லையென்றால் இல்லை. லேப்டாப் என்றால் ஓட்டைக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆங்கில ‘D’யும் ‘P’யும் பின்னிய மாதிரி ஒரு குறி இருந்தால் படம் வரும். அம்பு முனையோடு மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட், அதிலும் வரும். வெறும் ‘எஸ்.எஸ்’ என்றால் டேட்டா உறுதி, படத்துக்கு உத்தரவாதமில்லை. படம் வராத லேப்டாப்புக்கும் ஒரு வழி உண்டு. டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர் வாங்கி அதற்கான டிரைவர் சாஃப்ட்வேர் போட்டால், சாதாரண யூ.எஸ்.பி வழியாகவே படம் போகும். விலை கூட, பிராசஸருக்கும் கொஞ்சம் வேலை. பதிப்புரிமைப் பூட்டு போட்ட ஓ.டி.டி படங்கள் அதில் கறுப்பாகத் தெரியலாம். பிரசன்டேஷனுக்கும் கணக்கு வேலைக்கும் தாராளமாகப் போதும்.

பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இன்னும் வி.ஜி.ஏ புரொஜெக்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எச்.டி.எம்.ஐ டிஜிட்டல், வி.ஜி.ஏ அனலாக். நடுவில் மாற்றும் சிப் கட்டாயம் வேண்டும். இரண்டு முனையிலும் பிளக் வைத்து வெறும் கம்பியாக விற்பதை வாங்காதீர்கள். இன்னொன்று, இந்தப் பெட்டிகள் ஒருவழிப் பாதை. லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ-யிலிருந்து வி.ஜி.ஏ புரொஜெக்டருக்குப் போவது வேறு, பழைய கம்ப்யூட்டரின் வி.ஜி.ஏ-யிலிருந்து புது டிவிக்குப் போவது வேறு. ஒன்றைத் திருப்பிப் போட்டு மற்றதாகப் பயன்படுத்த முடியாது. கடையில் “எங்கேயிருந்து, எதுக்கு” என்று வரிசையாகச் சொல்லிக் கேளுங்கள்.

எச்.டி.எம்.ஐ வாயிலிருந்து உறுதியாகக் கிடைப்பது 5 வோல்ட்டில் 55 மில்லி ஆம்பியர் மட்டுமே. மாற்றும் சிப்புக்கு அது பற்றாமல் போனால் படம் வந்து வந்து மறையும். பக்கவாட்டில் மைக்ரோ யூ.எஸ்.பி ஓட்டை உள்ள கன்வெர்ட்டராக வாங்கி அதற்குத் தனியாக 5 வோல்ட் கொடுத்தால் இந்தத் தலைவலி தீரும். வி.ஜி.ஏ-யில் சத்தம் போகாது. அதற்கு கன்வெர்ட்டரிலேயே 3.5 மி.மீ. ஜாக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹப் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே டைப்-சி ஓட்டையில் ஏழெட்டு வேலை செய்யும் பெட்டிகளைத்தான் சொல்கிறேன். ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பக்கத்தில் பொடியாக 30 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 30 முறை படம் மாறும்) என்றிருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். 30-இல் மவுஸ் அம்பு திரையில் இழுத்து இழுத்து நகரும், நாள் முழுக்க வேலை செய்தால் கண் எரியும். ஏன் இப்படி? டைப்-சியில் அதிவேகத் தடங்கள் நான்கு ஜோடி. யூ.எஸ்.பி 3.0 வேகத்துக்கு இரண்டை எடுத்துக்கொண்டால் படத்துக்கு இரண்டுதான் மிச்சம். பழைய டிஸ்ப்ளே போர்ட் 1.2 உள்ள லேப்டாப்பில் அந்த இரண்டில் 4கே 30-தான் ஓடும். டிஸ்ப்ளே போர்ட் 1.4 லேப்டாப்பும் அதற்கேற்ற ஹப்பும் சேர்ந்தால் அதே இரண்டில் 60 ஓடும். ஹப்பை மட்டும் மாற்றினால் போதாது.

சார்ஜர் விஷயத்தில் தயவுசெய்து கவனம். ஹப்பின் பி.டி (சார்ஜருக்கான) ஓட்டையில் 65 வாட் சார்ஜரைச் செருகினால் லேப்டாப்புக்கு 65 போய்ச் சேராது. ஹப் தன் பங்காக 10, 15 வாட் எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தரும். அதைவிட மோசம், ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது சார்ஜரைச் செருகுவதும் பிடுங்குவதும். அந்த நொடியில் ஹப்பும் லேப்டாப்பும் ‘யார் கரண்ட் கொடுப்பது’ என்று மறுபடி பேசிக்கொள்கின்றன. பல ஹப்களில் அந்தக் கண்சிமிட்டும் நேரத்துக்கு எல்லாமே அணைந்து எழும். ஹார்ட் டிஸ்கில் பாதி எழுதிய ஃபைல் அப்படியே கெடும். முதலில் சார்ஜர், பிறகு ஹப், கடைசியில் டிஸ்க். கழற்றும்போது டிஸ்கை ‘இஜெக்ட்’ கொடுத்து முதலில் எடுங்கள்.

போனில் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்கைச் செருகியதும் ‘டிக், டிக்’ என்று சத்தம் மட்டும் வந்து டிஸ்க் தெரியவில்லையா? டிஸ்க் செத்துவிட்டது என்று பதறாதீர்கள். உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிக்கு 1 ஆம்பியர் அளவுக்குக்கூட இழுக்கும். யூ.எஸ்.பி 2.0 வாயின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0-க்கு 900. பற்றாததால் சுழல முயன்று விழுகிறது. தனி அடாப்டர் உள்ள பவர்டு ஹப்பை நடுவில் போடுங்கள், சரியாகிவிடும். அப்படியே விட்டு மறுபடி மறுபடி முயன்றால் டிஸ்க் உண்மையிலேயே கெட்டுப்போகலாம்.

அப்படியும் வரவில்லையென்றால் டிஸ்கின் பார்மட்டை, அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையைப் பாருங்கள். விண்டோஸில் போட்ட என்.டி.எஃப்.எஸ் டிஸ்கைப் பல ஆண்ட்ராய்டு போன்கள் படிக்காது. எஃப்.ஏ.டி32 எல்லாவற்றிலும் ஓடும், ஆனால் ஒரே ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. கல்யாண வீடியோ அங்கேதான் மாட்டிக்கொள்ளும். எக்ஸ்ஃபேட் நடுவழி. பார்மட் மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களில் பலவற்றில் செட்டிங்ஸில் ஓ.டி.ஜி-யை நாமே ஆன் செய்ய வேண்டும். 10 நிமிடம் சும்மா இருந்தால் அதுவாக அணைந்துவிடும்.

ஹப்பில் யூ.எஸ்.பி 3.0 டிஸ்கும் வயர்லெஸ் மவுஸின் டாங்கிளும் (மவுஸோடு வரும் குட்டி ரிசீவர்) ஒட்டி ஒட்டி இருந்தால் மவுஸ் தடுமாறும். 3.0-இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் கலப்பதுதான் காரணம், இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும்.

ஹெட்போன் ஜாக் இல்லாத போனுக்கு வாங்கும் குட்டி வயரில் இரண்டு ஜாதி. ஒன்று வெறும் கம்பி, போனே அனலாக் ஒலியை டைப்-சி வழியே அனுப்பினால்தான் பேசும். இன்னொன்றில் டி.ஏ.சி சிப் உண்டு, டிஜிட்டலை அதுவே ஒலியாக்கும். சிப் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். சோதிப்பது சுலபம்: டைப்-சி உள்ள லேப்டாப்பில் செருகுங்கள், புதிதாக ஒரு ஆடியோ சாதனம் பட்டியலில் வந்தால் உள்ளே சிப் இருக்கிறது. பாட்டில் குரல் மட்டும் காணாமல்போய் இசை குகைக்குள் கேட்பதுபோல் இருந்து, மைக் பட்டனை அழுத்திப் பிடித்ததும் சரியாகிறதா? கிரவுண்டும் மைக்கும் இடம் மாறிய பழைய முறை ஹெட்செட் அது. அதற்கென்று தனி மாற்று வயர் இருக்கிறது.

இனி பட்டறைக்காரர்கள் விஷயம். கோவையில் சி.என்.சி (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும்) மிஷின் வைத்திருப்பவர்களும் எடைமேடை நடத்துபவர்களும் படும் பாடு இது. மிஷினில் 9 பின் சீரியல் என்ற பழைய டேட்டா வாய், புது லேப்டாப்பில் அது இல்லை. யூ.எஸ்.பி டு சீரியல் கேபிள் வாங்குகிறார்கள். முதல் ஆபத்து: நாலு வயர் தொங்கும் குட்டி போர்டு டி.டி.எல், 0-விலிருந்து 5 வோல்ட்டுக்குள் வேலை செய்வது. மிஷினில் இருப்பது ஆர்.எஸ்-232. அதில் மைனஸ் 15-லிருந்து பிளஸ் 15 வரைக்கும் வோல்ட் வரலாம். மாற்றி இணைத்தால் போர்டு புகைந்துவிடும். 9 பின் பிளக்கோடு, ‘ஆர்.எஸ்-232’ என்று எழுதியதையே வாங்குங்கள்.

அடுத்தது டிரைவர். புரொலிஃபிக் என்ற நிறுவனத்தின் சிப்பைப் போலவே செய்த போலி சிப் உள்ள கேபிளை விண்டோஸில் போட்டால் மஞ்சள் முக்கோணத்தோடு ‘கோடு 10’ வரும். நிறுவனத்தின் புது டிரைவரே போலியைக் கண்டு மறுக்கிறது. எஃப்.டி.டி.ஐ சிப் உள்ள நல்ல கேபிள் சில நூறு ரூபாய் கூட இருக்கும், மிஷின் ஒரு மணி நேரம் நிற்கும் நஷ்டத்துக்கு முன் அது ஒன்றுமில்லை. சி.எச்340 சிப் உள்ளதை வேறு யூ.எஸ்.பி ஓட்டையில் செருகினால் காம் எண் (விண்டோஸ் அந்த சீரியல் வாய்க்கு வைக்கும் எண்) மாறிவிடும். பழைய எடை சாஃப்ட்வேர் காம்1-லிருந்து காம்4 வரை மட்டுமே தேடும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ், பிராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு என்று போய் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். டிவைஸ் மேனேஜரிலேயே ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில் ‘மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம்’ என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், நீளமான புரோகிராம் பாதியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். திரையில் குப்பை எழுத்து வந்தால் இரண்டு பக்கமும் பாட் ரேட் (டேட்டா போகும் வேகம்) பொருந்தவில்லை. ஒன்றுமே வரவில்லையென்றால் 2-ஆம் பின்னையும் 3-ஆம் பின்னையும் குறுக்கே மாற்றிய ‘நல் மோடம்’ (null modem) அடாப்டரைப் போட்டுப் பாருங்கள்.

சார்ஜிலும் இதே வடிவ மயக்கம். டைப்-சி வாய் உள்ள டிரிம்மர், கைவிசிறி, டார்ச் சில, பழைய சார்ஜரின் ஏ-டு-சி கேபிளில் ஏறும், புது சி-டு-சி சார்ஜரில் ஏறாது. சி சார்ஜர் எதிரில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கண்டால்தான் 5 வோல்ட்டையே திறந்துவிடும். அந்தப் பொருளில் சில பைசா விலையுள்ள ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பெரிய இடத்திலும் இது நடந்தது. 2019-இல் வந்த ராஸ்ப்பெரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டரின் முதல் போர்டுகளில், சார்ஜரோடு பேசும் இரண்டு பின்னுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வைத்துவிட்டார்கள். சிப் உள்ள கேபிளில் சார்ஜர் அதை ஹெட்போன் என்று எண்ணி கரண்ட் தரவில்லை. பிறகு வந்த போர்டில் திருத்தினார்கள். கேபிள் தப்பாக இருந்தால் இன்னும் விபரீதம். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015 முதல் கேபிள்களை வாங்கிச் சோதித்து எழுதிவந்தார். 2016-இல் உள்ளே கம்பி மாறியிருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே பாழாக்கியது. அதன் பிறகுதான் அமேசான் தரமற்ற டைப்-சி கேபிள்களுக்குத் தடை போட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு டைப்-சி கட்டாயம். நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்-ஸும் 2023 ஜனவரியில் டைப்-சி தரநிலையை வெளியிட்டது. நல்ல காரியம்தான், வீட்டில் சார்ஜர் குவியல் குறையும். ஆனால் வடிவம் ஒன்றானதால், முன்பு கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் இப்போது உள்ளே ஒளிந்துகொண்டது. வி.ஜி.ஏ வாய் இல்லாவிட்டால் வி.ஜி.ஏ இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது. இன்று எல்லா வாயும் ஒரே மாதிரி. போன் பெட்டியில் கேமரா மெகாபிக்சலுக்கு இடம் இருக்கிறதே, ‘டைப்-சி: டேட்டா 480 மெகாபிட், படம் வராது, சார்ஜ் 33 வாட்’ என்று ஒரு வரிக்கு இடம் இல்லையா? அந்த வரியைச் சட்டமாகக் கேட்க வேண்டும். கேபிளின் கழுத்திலும் வாட்டும் வேகமும் அச்சாக வேண்டும்.

அதுவரை கனெக்டர் வாங்கும் முன் மாடல் எண், எதிலிருந்து எதற்கு, படமா ஒலியா டேட்டாவா என்ற மூன்றையும் கமெண்டில் போடுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.