ஒரு குளிர்காலம்கூடத் தாண்டாமல் ஒரு ரிவ்யூ

கற்கால மனிதர்களின் ஊரை நாம் நடத்துகிற 'டான் ஆஃப் மேன்' கம்ப்யூட்டர் கேமை ஒரு யூடியூப் தம்பி கிண்டலடித்த அந்த வீடியோ லிங்கை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கோபத்தில் ஏதும் தப்பாகக் காதில் விழுந்துவிட்டதோ என்று இரண்டாவது தடவையும் பார்த்தேன். சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

பதினொரு நிமிட வீடியோ. முதல் இரண்டரை நிமிடம் சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்வதிலேயே போய்விடுகிறது. அப்புறம் ஒரு ஹெட்போன் விளம்பரம். மிச்ச நேரத்தில் 'டான் ஆஃப் மேன்' கேமைப் பற்றித் தம்பி கண்டுபிடித்தது இவ்வளவுதான்: "குச்சி பொறுக்குறான், கல்லு பொறுக்குறான், கறி காயப்போடுறான். இதுக்கு எதுக்குடா காசு?" கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு எமோஜி.

பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லட்டும். எனக்கும் கிரிக்கெட் கேம் பிடிக்காது, அதற்காக யாரும் என்னை அடிக்க வரவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவர் பேசும்போது பின்னால் ஓடுகிற ஆட்டத்தைப் பாருங்கள். ஆறு கூடாரம். கறி உலர்த்த ஒரே ஒரு பரண். மரத்தில் இலையெல்லாம் பழுத்து நிற்கிறது, இலையுதிர் காலம் என்று திரையிலேயே எழுதியிருக்கிறது. அதோடு கட். "ரெண்டு ஸ்டார்தான் மக்களே."

தம்பி, குளிர்காலம் வரவே இல்லையே!

இந்த கேமே அந்தக் குளிர்காலம்தான். வசந்தத்திலும் கோடையிலும் நாம் செய்கிற அத்தனையும் அதற்கான தயாரிப்பு. பனி கொட்டும்போது செடியில் பழம் இருக்காது, மிருகமும் முன்போலக் கண்ணில் படாது. அடித்து வைத்த பச்சைக் கறி கெட்டுப்போகும், உலர்த்தியதுதான் நிற்கும். உரித்த தோலையும் உலர்த்தினால்தான் உடை தைக்க முடியும், உடை இல்லாதவன் வெளியே போனால் திரும்ப மாட்டான். ஒரு பரணை வைத்துக்கொண்டு ஊரை நடத்தப் பார்த்த ஆளுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. வீடியோவை எடிட் செய்யப் போய்விட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அதே தப்பைச் செய்தவன். 2020 ஊரடங்கில் மில் மூடிக் கிடந்தபோது வாங்கினேன். முதல் ஊரில் இஷ்டத்துக்கு மான் அடித்தேன். கறி குவிந்தது, பாதி கெட்டது. தோல் குவிந்தது, உலர்த்த இடமில்லை. பனி விழ ஆரம்பித்தபோது தூரத்தில் தீக்கல் பொறுக்க ஒரு வேலைப்பகுதி போட்டு வைத்திருந்ததை மறந்துவிட்டேன். சொன்ன வேலையைச் செய்கிற ஜனங்கள் அவர்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். மூன்று பேர் வரிசையாகக் கிளம்பிப் போனார்கள். அதில் ஒரு கிழவி. உடை இல்லை. நான் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். கல்லை எடுத்தாள், திரும்பினாள், பாதி வழியில் விழுந்தாள். பின்னாலேயே வந்தவன் அவளைத் தாண்டித் தன் பாட்டுக்கு நடந்தான். அன்றைக்கு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். கேம்தான், கேம்தான் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

இதைத்தான் அவர் "கறி காயப்போடுறான்" என்கிறார்.

கறி காயப்போடுவது பற்றி என்னிடம் பேச வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பத்தா உப்புக்கண்டம் போடும். ஊரில் கிடாவெட்டு முடிந்து கறி மிஞ்சினால், நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, சணல் கயிற்றில் கோத்து வாசலில் கொடி கட்டும். காக்காய் விரட்ட நான். கையில் ஒரு விளக்குமாற்றுக் குச்சி. காலையில் உட்கார்ந்தால் வெயில் சாயும் வரை எழுந்திருக்கக் கூடாது. "ஒரு துண்டு காக்கா தூக்குச்சுன்னா ஒன் பங்குலதான் கழிப்பேன்" என்று சொல்லும், கழிக்கவும் செய்யும். நிழல் நகர நகரக் கொடியை மாற்றிக் கட்டும். விரலால் அழுத்திப் பார்த்து "இன்னும் ரெண்டு வெயிலு" என்று சொல்லும். மழை பிடித்துக்கொண்டு வேலை கிடைக்காத நாட்களில் அந்தக் கண்டத்தை இடித்துப் போட்டுத்தான் குழம்பு. இந்த கேமில் பரணில் கறி தொங்குவதை முதலில் பார்த்தபோது என் கண் தன்னால் காக்காயைத் தேடியது. சத்தியமாக.

அதனால்தான் கோபம் வருகிறது. அவருக்குக் கறி காயப்போடுவது காமெடி.

நானும் அந்தக் காலத்தில் அதிரடி கேம் ஆடியவன்தான். மதுரையில் மணிக்கு இருபது ரூபாய் நெட் கஃபேயில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆடி, கடைக்காரர் கரண்டை அணைத்து விரட்டும் வரை உட்கார்ந்திருக்கிறேன். 1997இல் வந்த முதல் பாகத்தில் 500 உணவு சேர்த்துக் கட்டிடம் இரண்டு போட்டு பட்டனைத் தட்டினால் கற்காலம் முடிந்து அடுத்த காலம் பிறந்துவிடும். அருமையான கேம், குறை சொல்லவில்லை. டான் ஆஃப் மேனில் அது நடக்காது. ஒரு வேலையைச் செய்தால்தான் அறிவுப்புள்ளி. முதல் மாமூத் யானையை வீழ்த்தினால், முதல் கூடாரத்தைக் கட்டினால், இத்தனை பொருள் செய்து முடித்தால், அப்போதுதான் அடுத்ததைக் கற்கலாம். நாயைப் பழக்குவது ஒரு நாள் வரும். தானியம் விதைப்பது இன்னொரு நாள் வரும். அதற்குள் எத்தனை குளிர்காலம்! 2019 மார்ச்சில் இதை வெளியிட்ட மட்ரூகா வொர்க்ஸ் பெரிய கம்பெனிகூடக் கிடையாது, அதற்கு முன் 'பிளானட்பேஸ்' செய்த சின்னக் குழு. அவர்களுக்குத் தெரிந்தது பத்து லட்சம் ஃபாலோயர் கனவில் இருக்கிற நம் தம்பிக்குத் தெரியவில்லை.

சரி, நம் ஆட்களே கமெண்டில் சொன்னதற்கு வருகிறேன்.

"இரும்புக்காலத்துக்குப் போனதும் ஒன்றுமே இல்லை, போரடிக்கிறது." உண்மை. நடுவில் வைக்கோல் பஞ்சம் எரிச்சல்தான். கூரைக்கும் வைக்கோல், குளிரில் ஆடு மாட்டுக்கும் வைக்கோல். கொள்ளைக்கூட்டம் வருவதும் நூறாவது தடவை ஒரே மாதிரிதான். பக்கத்து ஊரோடு பேச்சுவார்த்தை கிடையாது, கல்யாண உறவு கிடையாது, வருகிறவன் ஒன்று குடியேற வந்தவன், இல்லை வியாபாரி, இல்லையென்றால் திருடன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொன்னவர்கள் இரும்புக்காலம் வரை போனவர்கள். அவர்களுக்குச் சொல்லத் தகுதி இருக்கிறது. ஒரு குளிர்காலம் தாண்டியிருக்கிறார்கள், இல்லையா?

அடுத்தது, "தமிழனுக்குக் கீழடி இருக்கு, சிவகளை இருக்கு, நீ ஏன் வெள்ளைக்காரன் ஊர் மாமூத்தை அடிச்சிட்டு இருக்க?" இதை எழுதியவர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார். இன்னும் இருக்கிறார்.

ஐயா, கேம் நடப்பது பனி பெய்கிற நிலத்தில். மயிர் அடர்ந்த மாமூத்தும் காண்டாமிருகமும் திரிந்த இடத்தில். அங்கே நடப்பதை அங்கே வைத்துத்தானே பார்க்க முடியும்? கீழடியில் போய் மாமூத்தைத் தேடினால் அதற்கும் நீங்கள்தான் முதலில் சண்டைக்கு வருவீர்கள். உண்மையில் இதில் தமிழன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த கேமில் புதிய கற்காலத்துக்கு அப்புறம் செம்பு, வெண்கலம், கடைசியில் இரும்பு என்று படி ஏறியாக வேண்டும். ஐரோப்பாவுக்கு அது சரி. தென்னிந்தியாவில் தனியாக ஒரு வெண்கலக் காலம் இருந்ததாகத் தொல்லியலார் சொல்வதில்லை. புதிய கற்காலத்திலிருந்து நேராக இரும்புக்குப் போகிறது கதை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் வெண்கலப் பொருளும் இரும்பும் சேர்ந்தே கிடைத்தன. மயிலாடும்பாறை இரும்பு பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த அரசு அறிக்கை சிவகளை இரும்பை பொ.ஆ.மு. 3345 வரை கொண்டுபோனது. அதன்மேல் அறிஞர்கள் விவாதிக்கட்டும். ஆனால் இந்தப் படிக்கட்டு எல்லா நாட்டுக்கும் பொருந்தாது என்பதை இந்த கேமை வைத்தே பேசியிருக்கலாம். எவ்வளவு நல்ல வீடியோவாக வந்திருக்கும்!

அதே மாதிரி நெடுங்கல். கேமில் ஒரு கல்லைச் சறுக்குவண்டியில் வைத்து நாலைந்து பேர் இழுத்துக்கொண்டு வருவதைப் பாருங்கள். அந்த நேரத்தில் அவர்கள் வேறு எந்த வேலைக்கும் இல்லை. விறகு வெட்ட ஆள் இல்லை, வேட்டைக்கு ஆள் இல்லை. மேலே வேலைப்பளு எண் ஏறிக்கொண்டே போகும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, எங்கள் பக்கம் காட்டுக்குள் நிற்கிற நெடுங்கல்லை நட்டவன் வீட்டிலும் அன்றைக்கு யாரோ சாப்பிடாமல் இருந்திருப்பார்கள் என்று. பாடப்புத்தகத்தில் 'பெருங்கற்காலம்' என்று அடிக்கோடு போட்டுப் படித்த எனக்கு அந்தக் கல்லின் எடை அதுவரை தெரியாது.

தமிழ் நிலத்தை வைத்து இப்படி ஒரு கேம் வந்தால் முதல் நாள் காசு கொடுத்து வாங்குகிறவன் நானாகத்தான் இருப்பேன். இதே மாதிரி ஊர் நடத்துகிற, 2014இல் வந்த 'பானிஷ்ட்' ஒற்றை ஆள் உட்கார்ந்து செய்த கேம், முடியாதது ஒன்றும் இல்லை. ஆனால் கீழடி கேம் எங்கே என்று கேட்ட அதே நண்பர்தான் போன மாதம் இன்பாக்ஸில் "க்ராக் வெர்ஷன் இருக்கா நண்பா" என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், சுற்றிச் சுற்றி வந்துவிட்டேன். வீடியோவின் தலைப்பு. 'காட்டுவாசி சிமுலேட்டர்'. தம்நெயிலில் முகத்தில் கரி பூசி, தலையில் இறகு செருகி, நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறார்.

கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவன் பளியர் பழங்குடி வீட்டுப் பையன். மலையிலிருந்து முதல் முறை இறங்கி வந்து படித்தவன். அவன் மெஸ்ஸுக்குள் நுழைந்தால் ஒரு கூட்டம் வாயில் கை தட்டிக் கூவும். அவனும் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் ராத்திரி, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நீயும் ஏன்டா அன்னைக்குச் சிரிச்ச?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கரண்ட் போனது என்று பொய் சொல்லலாம், போகவில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அது வெறும் ஜோக் ப்ரோ, சென்சிட்டிவ் ஆகாதீங்க" என்று வருவீர்கள். தெரியும். வாருங்கள்.

"பூமர் அங்கிள்" என்றும் வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது எனக்கு. ரைஸ் மில்லில் கணக்கெழுதுகிறேன். பகல் முழுக்க நெல் மூட்டை இருப்பு, ராத்திரி வைக்கோல் இருப்பு. "பகல்ல ஒரு மில்லு பத்தாதா, ராத்திரிக்கு வேற ஒரு மில்லா?" என்று என் வீட்டம்மா கேட்கிறார். அவர் கேட்கலாம். அவருக்கு உரிமை இருக்கிறது, தோசையும் ஊற்றித் தருகிறார். பதினொரு நிமிட வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் என் வயதை எண்ண வேண்டியதில்லை. ஒரு கமெண்டில் மரியாதையாகத்தான் எழுதினேன், "தம்பி, ஒரு குளிர்காலம் ஆடிவிட்டுச் சொல்லுங்கள்" என்று. அதற்கு அவர் ஒரு இதயம் போட்டார். அதற்குக் கீழே அவருடைய ஆட்கள் நூற்றுப் பதினேழு பேர் என்னைத் திட்டினார்கள். அந்த இதயத்தை அவர் இன்னும் எடுக்கவில்லை, திட்டியவர்களை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

பொறாமை என்கிறார்கள். எதில் பொறாமை? அவருடைய லைட்டிங்கிலா? இருக்கலாம், அது நன்றாகத்தான் இருக்கிறது. என் லேப்டாப் ஃபேன் போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மிக்ஸி ஓடுகிறதா என்று கேட்கிறார்.

மறுபடி சொல்கிறேன், கேமைத் திட்டியதற்கு இந்தப் பதிவு இல்லை. அது என்ன என் சொந்தக்காரனா? ஆடாமல் திட்டியதற்குத்தான். தலைப்புக்கும்தான். சரி, கேமைத் திட்டியதற்கும் கொஞ்சம்.

யாரும் அவரை இங்கே டேக் செய்ய வேண்டாம். போன தடவை ஒரு நல்லவர் டேக் செய்து, மூன்று நாளைக்கு "அங்கிள் இன்னும் தூங்கலையா" என்று வந்துகொண்டே இருந்தது. தூங்கவில்லைதான். ஊரில் இலையுதிர் காலம் நடக்கிறது, நாற்பத்தாறு பேரில் பதினொரு பேருக்கு இன்னும் தோல் உடை இல்லை.