ஆக்சிலரேட்டர் கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்கத்தான் வேண்டும்

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த பழைய மாருதி 800-ல், பெடலிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டினால் பிக்கப் ஏறும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பிக்கப் ஏறாது. கேபிள் இழுப்பது கார்புரேட்டரின் காற்று வழியைத் திறக்கும் த்ராட்டில் லீவரை; அது முழுத்திறப்பில் போய் முட்டிய பிறகு அதற்கு மேல் திறக்க எதுவும் இல்லை. கேபிள் விறைப்பாக இருந்தால் காலை எடுத்த பிறகும் லீவர் முழுசாகத் திரும்பாது. ஐடில் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறும், பெட்ரோல்தான் வீணாகும்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இன்ஜின் சூடானதும் சோக்கை (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் குமிழ்) உள்ளே தள்ளிவிட்டு, ஐடிலில் ஓடும்போது கேபிளின் கார்புரேட்டர் பக்கத்து அட்ஜஸ்டிங் நட்டைத் தளர்த்துங்கள். (கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு. ஃபேன் பக்கம் கை போகாமல்.) ஐடில் சட்டென இறங்கினால், அதுவரை கேபிள்தான் த்ராட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். பிறகு இன்ஜினை அணைத்து, ஒருவரைப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். லீவர் முழுத்திறப்பைத் தொடுகிறதா பாருங்கள். தொட்டால், தொய்வால் பிக்கப் குறையவில்லை. தொடாவிட்டால் மட்டும் நட்டைக் கொஞ்சம் இறுக்கலாம். எவ்வளவு தொய்வு என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் மில்லிமீட்டரில் இருக்கும்.