காப்பீட்டுத் தொகைக்குள் பில் இருந்தால் முழுப் பணமும் கிடைத்துவிடுமா?

"மருத்துவமனை பில் காப்பீட்டுத் தொகையைவிடக் குறைவாக இருந்தால், நிறுவனம் அதை முழுவதுமாகச் செலுத்தியே ஆக வேண்டும்; குறைத்தால் அது மோசடி" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு. காப்பீட்டுத் தொகை என்பது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பாலிசி ஆவணத்தின் நிபந்தனைகளே முடிவு செய்கின்றன.

பலரும் கவனிக்கத் தவறுவது அறை வாடகை வரம்பை, அதாவது அறை வாடகையாக நிறுவனம் ஏற்கும் உச்சத் தொகையை. வரம்பைப் போல இருமடங்கு வாடகையுள்ள அறையில் தங்கினால், கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் விகிதாசாரக் கழிவு விதி (வாடகை வரம்பை மீறிய அதே விகிதத்தில் மற்ற சில கட்டணங்களையும் குறைப்பது) உள்ள பாலிசிகளில், அறையைப் பொறுத்து மாறும் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் பாதியாகக் குறைக்கப்படலாம். நோயாளியை அவசரமாகச் சேர்க்கும் குடும்பத்துக்கு இது பெரும் அதிர்ச்சி என்பதால், அறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இந்த வரம்பைப் பார்த்துவிட வேண்டும்.

இணைக் கட்டணம் (co-pay), அதாவது பில்லில் நாம் ஏற்க வேண்டிய பங்கு, 20% என்றிருந்தால், ஏற்கப்பட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும். குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கான தனி உச்சவரம்பும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் (பாலிசி எடுத்த பின் அந்த நோய்களுக்குப் பணம் கிடைக்காத ஆரம்பக் காலம்) தொகையைக் குறைக்கலாம் அல்லது மறுக்கவும் செய்யலாம்.

அதற்காக எல்லாக் கழிவும் சரி என்றாகிவிடாது. எந்த விதியின்படி குறைத்தார்கள் என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். அந்த விதி உங்கள் பாலிசியில் இல்லையென்றால், நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் முறையிடுங்கள்.