பியோம்கேஷ் தடுமாறக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை 'டிடெக்டிவ் பியோம்கேஷ் பக்ஷி' படத்தின் திரையிடலில் நடந்தது என்ன என்று அன்றிலிருந்து உள்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்கள், மேடையில் படத்தைப் பற்றிப் பேசிய அண்ணனின் பதிவை வாசித்திருப்பீர்கள். "இது பியோம்கேஷே அல்ல" என்று அவர் தீர்ப்பு வழங்கிய பிறகு நான் எழுந்தேன். நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கி வைத்துவிட்டார்கள். பரவாயில்லை, இங்கே மைக் தேவையில்லை.

திபாகர் பானர்ஜி 2015இல் எடுத்த இந்தப் படம், வங்காளக் கதைகளில் வரும் துப்பறிவாளன் பியோம்கேஷ் பக்ஷியின் முதல் வழக்கைப் பற்றியது. முதல் வழக்கு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவைக் காணவில்லை என்று, பின்னாளில் நண்பனாகப்போகும் அஜித் வந்து நிற்கிறான். பியோம்கேஷோ தன் மூளையைக் காட்டும் அவசரத்தில் அந்த அப்பாவைப் பற்றியே ஏடாகூடமாக ஊகித்துக் கன்னத்தில் அறை வாங்குகிறான். எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். தர்க்கமெல்லாம் சரியாகத்தான் வருகிறது. அப்பாவைத் தொலைத்துவிட்டு வந்தவனிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் வரவில்லை.

"பியோம்கேஷ் அறை வாங்குவானா? ஏமாறுவானா?" என்று கேட்கிறார் அண்ணன். வாங்குவான். ஏமாறுவான். முதல் வழக்கு ஐயா!

அவனைப் படைத்த எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய் மட்டும் அவனைச் சிம்மாசனத்திலா உட்கார்த்தி வைத்து அறிமுகப்படுத்தினார்? முப்பதுகளின் தொடக்கத்தில் எழுதிய 'சத்தியான்வேஷி' கதையில் அவன் அதுல் சந்திர மித்ரா என்ற பொய்ப் பெயரில், வேலையில்லாத ஏழையாக, அனுகூல் டாக்டரின் விடுதியில் இடம் கேட்டு வருகிறான். அஜித்தின் அறையில் ஒண்டிக்கொள்கிறான். போலீஸ் அவனையே சந்தேகப்பட்டுப் பிடித்துக்கொண்டு போகிறது. யாரும் பொருட்படுத்தாத ஒருவனாகத்தான் அந்த அறிமுகக் கதையில் அவன் வாசகனிடம் வந்து சேர்ந்தான்.

படத்தின் கதை நடக்கும் நாற்பதுகளின் கல்கத்தாவில் மெட்டல் இசை எப்படி என்று ஒரு கேள்வி. படத்துக்குள் இருப்பவர்களுக்கு அது கேட்கப்போவதில்லை, விடுங்கள். கடைசிப் பகுதியில் ரத்தம் அதிகம் என்கிறீர்கள். அதிகம்தான். மூலக்கதையை மாற்றிவிட்டார் என்றால், 1967இல் 'சிரியாகானா' என்ற பியோம்கேஷ் படத்தில் சத்யஜித் ராய், பியோம்கேஷாக நடித்த உத்தம் குமாருக்கு ஜப்பானியர் வேடம் போட்டு அனுப்பினாரே, அது என்ன கணக்கு? ராய்க்கும் உத்தம் குமாருக்கும் தேசிய விருதே கிடைத்தது. பெரியவர்கள் மாற்றினால் கலை, மற்றவர்கள் மாற்றினால் துரோகம் போலிருக்கிறது.

அண்ணன் தொடவே தொடாத ஒன்று இருக்கிறது. முப்பதுகளின் நடுவில் நிறுத்திய பியோம்கேஷ் கதைகளைச் சரதிந்து மறுபடி கையில் எடுத்தது 1951இல்தான். இடையில் 1938இல் பம்பாய்க்குப் போய்த் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தார். ஆக, 1942 டிசம்பரில் கல்கத்தாவின் மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது, இருட்டடிப்பில் நகரம் முடங்கிக் கிடந்தபோது, மறு ஆண்டு பஞ்சத்தில் மக்கள் செத்து விழுந்தபோது பியோம்கேஷ் காகிதத்தில் இல்லவே இல்லை. இயக்குநர் அவனைக் கொண்டுபோய் நிறுத்தியது சரியாக அந்த இடைவெளியில். இது மூலத்தைப் படிக்காதவன் செய்கிற வேலையா?

பழையதை மதிக்கத் தெரியாதவன் என்று என்னைச் சொல்லிவிடாதீர்கள். 1993இல் தூர்தர்ஷனில் பாசு சாட்டர்ஜியின் பியோம்கேஷ் தொடர் வந்தபோது எங்கள் வீட்டில் இந்தி தெரிந்த ஒரே ஆள் அத்தைதான். இந்திப் பிரசார சபாவின் மத்யமா தேர்வு வரை தேறியவர். விளம்பர இடைவேளையில் அதுவரைக்குமான கதையைச் சொல்வார். சில வாரங்களில் கொலைகாரன் யார் என்பதையும் அவரே முடிவு செய்துவிடுவார், தொடரில் வேறொருவன் மாட்டினாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதில் பியோம்கேஷாக நடித்த ரஜித் கபூரின் அலட்டாத முகம்தான் எனக்கு இன்றைக்கும் பியோம்கேஷ். ஆனால் அந்த நிதானம் அவன் பிறக்கும்போதே கூட வந்ததா? நாலு இடத்தில் அடிபடாமலா வந்திருக்கும்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலாளர் ஒருவர் எல்லோர் முன்னாலும் என் கோப்பை மேசையில் விசிறி எறிந்து "இதுகூடவா தெரியாது?" என்று கேட்டார். தெரியாதுதான். யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரங்கில் எழுந்த சிரிப்பில் எனக்கு அதே குரல்தான் கேட்டது. தேறி வந்தவனுக்கு மாலை போட எல்லோரும் தயார். தேறுகிற வரைக்கும் அவனை யார் பொறுத்துக்கொள்கிறார்கள்?

இந்தப் படத்தில் பியோம்கேஷாக நடித்த சுஷாந்த் சிங் ராஜ்புத் விஷயமும் அப்படித்தான். 2015இல் "சீரியல் நடிகனுக்கெல்லாம் பியோம்கேஷ் வேடமா?" என்று நக்கல் செய்தவர்கள், 2020 ஜூனில் அவர் இறந்தபோது எவ்வளவு உருக்கமாக எழுதினார்கள்! இந்தப் படத்தின் காட்சிகளைத்தான் அதிகம் பகிர்ந்தார்கள். இரண்டாம் பாகத்துக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் படம் முடிகிறது. படம் ஓடவில்லை, அந்தப் பாகம் வரவே இல்லை. அதைக் கேட்டு அன்றைக்கு ஒருவரும் பதிவு போட்டதாக எனக்கு நினைவில்லை.

இதையெல்லாம் விட என்னைக் குத்தியது, அண்ணன் மேடையை விட்டு இறங்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னதுதான்: "வங்க மொழியில் படித்தவர்கள் பேசட்டும், தம்பி." ஆமாம், நான் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ரஷ்ய நாவல்களைப் பற்றி நீங்கள் மாதம் தவறாமல் எழுதுகிறீர்களே அண்ணா, அவற்றை எந்த மொழியில் படித்தீர்கள்?