கையெழுத்துப் போடாதவன் எழுதுகிறேன்

ஸ்கிரீன்ஷாட் உங்களில் பாதிப் பேருக்காவது வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை குழுவில் உக்ரைன் போர் பற்றிய அந்த அறிக்கைக்கு நான் பெயர் தர மறுத்தது, "அண்ணன் எப்ப ஆயுத வியாபாரத்துல இறங்கினார்?" என்று ஒரு தம்பி கேட்டது, அதற்கு முப்பது வருடமாக என்னைத் தெரிந்த தோழர் சிரிப்பு எமோஜி போட்டது எல்லாம். மூன்று நாள் சும்மா இருந்தேன். இன்று முடியவில்லை.

அறிக்கை மொத்தம் பதினான்கு வரி. உக்ரைனுக்கு ஆயுதம் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டுமாம், இரு தரப்பும் பேச வேண்டுமாம். ரஷ்யப் படை வெளியேற வேண்டும் என்று ஒரு வரி தேடினேன், இல்லை. படையெடுப்பு என்ற சொல்லே இல்லை. "மோதல் வெடித்தது" என்று இருக்கிறது. தீபாவளிச் சரம் போலத் தானாக வெடித்திருக்கிறது பாருங்கள்.

போர் தொடரட்டும் என்று நான் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போரை நிறுத்து என்று முதலில் யாரிடம் சொல்வது? அடிக்கிறவனிடமா, வாங்குகிறவனிடமா? என் கேள்வி இவ்வளவுதான்.

எங்கள் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். பக்கத்து வயல்காரர் வசதியானவர். வருடா வருடம் அண்டை வெட்டுகிற சாக்கில் வரப்பை எங்கள் பக்கம் கொஞ்சம் நகர்த்துவார். சர்வேயர் வந்து கல் நட்டார், அடுத்த அறுவடைக்குள் கல்லைக் காணோம். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். "போனது போகட்டும்ப்பா, இனிமே வெட்ட மாட்டாரு. ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்க" என்றார்கள். அந்த ஆளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்பா பேப்பரில் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடத்தில் வாய்க்காலும் போனது. மறுபடி போய் நின்றபோது, "நீதான் கையெழுத்துப் போட்டுட்டியே" என்றார்கள்.

உக்ரைன் கையெழுத்துப் போடாத நாடா? சோவியத் உடைந்தபோது அதன் மண்ணில் இருந்தது உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் கையிருப்பு. அதை விட்டுக்கொடுக்கச் சம்மதித்து 1994இல் புடாபெஸ்டில் ஒரு காகிதம் வாங்கியது. உங்கள் எல்லையை மதிப்போம் என்று அதில் கையெழுத்திட்டவர்களில் ரஷ்யாவும் உண்டு. 2014இல் கிரிமியா ரஷ்யா கைக்குப் போனது. அந்த செப்டம்பரில் பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் போர்நிறுத்தம் பேசினார்கள், 2015 பிப்ரவரியில் மறுபடி மின்ஸ்கில் பேசினார்கள். மின்ஸ்க் ஒப்பந்தத்தை உக்ரைனும் ஒழுங்காக நிறைவேற்றவில்லை, தெரியும். அதற்குத் தண்டனையாகக் கீவை நோக்கி டாங்கி விடுவதா? 2022 மார்ச் கடைசியில் இஸ்தான்புல்லில் பேச உட்கார்ந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள், ரஷ்யப் படை விட்டுப்போன கீவ் பக்கத்துப் புச்சா ஊரின் தெருக்களில் கிடந்த பிணங்களை நாமெல்லாம் பார்த்தோம்.

அப்புறம் 2024 ஜூனில் புதின் சொன்ன நிபந்தனை. தொனெத்ஸ்க், லுஹான்ஸ்க், ஸபோரிஷ்ஷியா, கெர்சன் என்று நான்கு மாகாணங்களிலிருந்தும் உக்ரைன் படை முழுதாக வெளியேற வேண்டும், பிறகுதான் பேச்சு. ரஷ்யப் படை ஒருநாளும் பிடிக்காத ஸபோரிஷ்ஷியா நகரமும் அதில் சேர்த்தி. வரப்பு, வாய்க்கால் எல்லாம் தாண்டி வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் பேச வா என்பதுதானே இது?

அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணி நேட்டோவை விட்டுவிட்டாயே என்று இப்போது ஒருவர் டைப் செய்துகொண்டிருப்பார். விடவில்லை. 2008இல் புகாரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனுக்கு "ஒருநாள் உறுப்பினராவீர்கள்" என்று நேட்டோ தேதி சொல்லாமல் வாக்குக் கொடுத்தது பொறுப்பில்லாத வேலை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபின்லாந்து 2023இல் நேட்டோவில் சேர்ந்ததே, ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டர் எல்லை உள்ள நாடு, அங்கே ஏன் ஒரு டாங்கியும் போகவில்லை?

காஸாவுக்கு ஒரு நியாயம், உக்ரைனுக்கு ஒரு நியாயமா என்பீர்கள். மேற்கு நாடுகளைக் கேளுங்கள், கூட வந்து கேட்கிறேன். என்னைக் கேட்காதீர்கள். காஸாவுக்கும் நான் எழுதியிருக்கிறேன், தேடிப் பாருங்கள்.

உக்ரைனில் ஆட்களைத் தெருவில் பிடித்து வேனில் ஏற்றிப் போர்முனைக்கு அனுப்புகிறார்களே என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். அந்த வீடியோக்களை என்னாலும் பார்க்க முடியவில்லை. என்னிடம் பதில் இல்லை அக்கா. ஆனால் அதைக் காட்டி அந்த நாட்டையே நிராயுதபாணியாக்கு என்பது பதிலாகிவிடாது.

அணு ஆயுதப் போர் வந்துவிடும் என்கிறவர்களுக்கு: அணுகுண்டு வைத்திருப்பவன் எதைக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும் என்றால் அதையே அறிக்கையில் எழுதிவிடுங்கள். வரிகள் குறையும்.

எங்கள் அக்கா மகள் உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்தாள். நடந்தாவது ஊரை விட்டு வெளியேறுங்கள் என்று இந்தியத் தூதரகம் சொன்ன அந்த 2022 மார்ச் 2ஆம் தேதி, பக்கத்து ஊரான பிசோச்சின் வரைக்கும் நடந்தே போனாள். முந்தின நாள்தான் கார்கிவில் கர்நாடகத்து மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்திருந்தார். அவள் போலந்து எல்லையைத் தாண்டும்வரை எங்கள் அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை. கிளம்பும்போது வீட்டுக்காரப் பாட்டி ரொட்டியும் ஒரு பாட்டில் ஊறுகாய் வெள்ளரியும் பையில் திணித்திருக்கிறார். அந்தப் பாட்டி பேசுவது ரஷ்ய மொழி. ரஷ்ய மொழி பேசுகிறவர்களைக் காப்பாற்றத்தான் வந்தோம் என்றார்களே, அவர்களில் ஒருத்தி. பாட்டியின் பேரன் மெட்ரோ நிலையத்துக்குள் நடத்துகிற வகுப்பில் படிக்கிறான். ரஷ்ய எல்லை அவ்வளவு பக்கம், பல நேரம் சைரனுக்கு முன்பே குண்டு வந்துவிடும். அதை வானத்திலேயே தடுக்கிற சாதனத்துக்கும் உங்கள் அறிக்கையில் பெயர் "ஆயுதம்"தான்.

தோழர், உங்களிடம் ஒன்று. வியட்நாமைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். ஹனோய் வானத்தைக் காத்த ஏவுகணைகள் சோவியத் அனுப்பியவை. அமெரிக்காவோடு பாரிஸில் நடந்த பேச்சு 1968இல் தொடங்கி 1973இல் முடிந்தது. அத்தனை வருடமும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டா பேசினார்கள்? 2003இல் ஈராக்குக்காகச் சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் கோஷம் போட்டு, வேனில் ஏற்றப்பட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலை மூன்று பேர் குடித்தோம். அன்று நம் கையில் இருந்த அட்டையில் "இரு தரப்பும்" என்றா எழுதியிருந்தது? வெளியேறு என்றுதானே எழுதியிருந்தது. அந்த அட்டையை எழுதியது உங்கள் கை.

தம்பி கேட்டது எனக்கு உறைக்கவில்லை, அவனுக்கு வயது இருபத்தி மூன்று.

அறிக்கையின் முதல் வரியாக "ரஷ்யப் படைகள் உக்ரைனை விட்டு வெளியேற வேண்டும்" என்று சேர்த்து அனுப்புங்கள். மீதிப் பதினான்கு வரியில் எனக்குப் பிடிக்காதது நிறைய இருக்கிறது, இருந்தாலும் போடுகிறேன் கையெழுத்து. அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள் தோழர். இன்று காலைகூடப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது.